துபாய்–சென்னை: டிக்கெட்டில் தெரியாத ஒன்றரை மணி நேரம்

2005 மார்ச்சில் துபாயிலிருந்து திருவொற்றியூருக்கு அவசரமாக வந்தேன். மனைவி கற்பகத்துக்கு முதல் பிரசவம். இதே வழியில் வரப்போகிறவர்களுக்காக நேரக் கணக்கை எழுதி வைக்கிறேன், அதில் நான் செய்த தில்லுமுல்லையும் சேர்த்தே.

ஆறு மாதம் முன்பு சென்னையிலிருந்து துபாய்க்கு வேலைக்குக் கிளம்பியபோது என் டிக்கெட்டில் புறப்பாடு 9.45, வருகை 12.15 என்று இருந்தது. இரண்டும் அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். தூரம் சுமார் 2,900 கி.மீ., பறப்பது நாலு மணி நேரம். கற்பகம் விரல் விட்டு எண்ணினாள்.

“இன்னாய்யா, ரெண்டர மணி நேரம்தானா? நம்ப வூட்லேர்ந்து மீனம்பாக்கம் போவவே அவ்ளோ ஆவுது. அப்ப போய்ட்டு வா. வலி வந்தா சொல்றேன், ஓடியாந்துடு.”

அதுவரை போகவே கூடாதென்று அழுதவள். அந்தத் தப்புக் கணக்கை நான் திருத்தவில்லை.

மார்ச்சில், வலி கண்டுவிட்டதென்று அவள் தங்கை விடியற்காலையில் போன் செய்தாள். கிடைத்த விமானம் துபாய் நேரம் 9.30க்கு, ஒருவழிக்கு 720 திர்ஹாம். உட்கார்ந்ததும் கற்பகத்திடம் பேசினேன். “ஏறிட்டியா? அப்ப தாங்கிக்கிறேன்” என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளினேன். திரையில் அரபிக்கடல் மேல் குட்டி விமானம் நகராமல் நின்றது. வெளியே மேகம், அதற்குக் கீழேயும் மேகம். தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியவில்லை. பக்கத்து இருக்கையில் கற்பகம் உட்கார்ந்து “எத்தினி மணி ஆச்சி?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பினால் சாப்பாட்டுத் தட்டோடு பணிப்பெண்.

வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள். கடல் மேல் சுற்றித் திரும்பும்போது துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் மிதந்தன. தூரத்தில் எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். நடுவில் எங்கோ அவள். அப்படியே குதித்துவிடலாம் போலிருந்தது.

மூன்று மணிக்கு இறங்கி, 3.50க்கு ஆட்டோ பிடித்தேன். முப்பது கி.மீ., 350 ரூபாய். ராயபுரம் வரை ஒரு மணி நேரம். அப்புறம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. சீக்கிரம் போகச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சினேன்.

“இன்னா நைனா, ஹார்பர் கேட்டாண்ட லாரிங்க வரிசை கட்டி நின்னுகினு கீது. பறந்தா போவ முடியும்?”

ஆஸ்பத்திரியில் நுழைந்தபோது மணி 6.10. ஐந்தேகாலுக்கே பெண் குழந்தை பிறந்திருந்தது. இருவரும் நலம் என்று கேட்டதும் கண் கலங்கிவிட்டது. கற்பகம் என்னைப் பார்த்தாள்.

“ரெண்டர மணி நேரம்னுதானே போன? அது வரிக்கும் பல்லக் கடிச்சிகினு கத்தாம இருந்தேன்யா. நீ வந்தப்புறம் கத்தலாம்னு.”

ஆட்டோ வேண்டாம். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறுங்கள். லாரித் தொல்லை இல்லை. டிக்கெட்டில் இருக்கும் இரண்டு நேரத்தையும் கழித்துப் பார்த்து நம்பாதீர்கள். கிளம்புமுன் வீட்டில் உள்ளவர்களிடம் சரியான கணக்கைச் சொல்லிவிடுங்கள். அழுவார்கள். அழட்டும், நாம் பக்கத்தில் இருக்கும்போதே அழட்டும்.