பீங்கான் பாதத்தில் ஒரு மைப்பொட்டு

பேய், கண்ணேறு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். என் வேலையே எதையும் நம்பாமல் கவிழ்த்துப் பார்ப்பதுதான். பல்லாவரத்தில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஆயிஷா அக்கா, பழைய பங்களாக்களில் வாங்கும் பீங்கான் சாமான்களைச் சேலையூரில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அடியில் இருக்கும் முத்திரையை வைத்து எந்த நாடு, எந்தப் பட்டறை, என்ன பெறும் என்று நான் எழுதிக் கொடுப்பேன். எழுதிய பிறகும் சரிதானா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன், அது என் சுபாவம்.

இருந்தாலும் என் மகள் யாழினிக்கு, இரண்டு வயது, குளிப்பாட்டியதும் வலது உள்ளங்காலில் மைப்பொட்டு வைத்துவிடுவேன். மாமியார் சொன்னதற்காகத்தான். நம்பிக்கை கிடையாது, ஆனால் வைக்காமல் விட்டால் அன்று முழுக்க மனசு அடித்துக்கொள்ளும். என் மோதிர விரல் நுனியில் கத்தி வெட்டிய தழும்பு உண்டு, அதனால் நான் வைக்கும் பொட்டின் நடுவே ஒரு கோடு விழும், காபிக்கொட்டை மாதிரி. என் கணவர் கிண்டல் செய்வார்: "பொண்ணுக்கும் முத்திரை குத்தியாச்சா? இனிமே ஒரிஜினல்தான்!"

அந்த முறை வந்தது ஒரு பீங்கான் குழந்தை. கையளவு பொம்மை, உட்கார்ந்து வலது காலை நீட்டியிருந்தது. அடியில் நீல நிறத்தில் குறுக்காக இரண்டு வாள்கள். பார்த்ததும் ஜெர்மனியின் பேர்போன பட்டறை என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்த வாள்களைப் பார்த்து வரைந்த பட்டறைகள் நிறைய, அதனால் நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். மெருகு பூசிச் சூளையில் சுடுவதற்கு முன்பே வரைந்தது என்றால் நகத்தில் ஒன்றும் தட்டாது, கண்ணாடிக்கு அடியில் இருப்பது போல. பிற்பாடு வரைந்தது என்றால் லேசாகத் தட்டும். என் நகம் வழுக்கிக்கொண்டு போனது. பட்டறை முத்திரை தவிர, வண்ணம் தீட்டியவர் தனக்கென்று ஒரு சின்ன அடையாளம் வைப்பதும் உண்டு. அதைத் தேடினேன், இல்லை. எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்தேன், உள்ளங்கால் உட்பட. பால் வெள்ளை, ஒரு கீறல் கிடையாது.

யாழினியைக் குளிப்பாட்டி மை வைத்துவிட்டுச் சாதம் வடிக்கப் போனேன். மாமனாருக்குச் சர்க்கரை, குக்கர் சாதம் ஆகாது. பானையைத் தரையில் சாய்த்து வைத்த நேரத்தில் அக்கா போன் செய்தார், சிக்னலுக்காக ஹாலுக்கு வந்தேன்.

"இன்னாமா பவித்ரா, ஒரிஜினலா டூப்பா? படப்பைலேர்ந்து ஒரு சார் கேட்டுகினே கீறாரு."

"நகத்துல தட்டலக்கா. இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேனே."

"நீ பார்த்து முடிக்கறதுக்குள்ள அந்தப் பொம்மைக்குக் கல்யாண வயசு வந்துடும்!"

சிரித்துக்கொண்டிருக்கும்போதே சமையலறையில் பானை உருண்ட சத்தம். ஓடினேன். யாழினி நின்றுகொண்டிருந்தாள், கொதிக்கும் கஞ்சி முழுவதும் அவள் வலது காலில், ஆவி பறந்துகொண்டிருந்தது. கத்தியபடி அவளை வாரித் தூக்கிக் காலைத் தண்ணீரில் பிடித்தேன். அவள் அழவே இல்லை, நான் கத்தியதைப் பார்த்துத்தான் உதட்டைப் பிதுக்கினாள். தண்ணீர் படுவதற்கு முன்பே பாதம் சில்லென்று இருந்தது, நம்பினால் நம்புங்கள். கஞ்சி பட்ட என் விரல்களில் கொப்புளம் எழும்பியிருந்தது.

தெருமுனை டாக்டர் அவள் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கஞ்சி எங்கம்மா கொட்டுச்சு?"

"அவ கால்லதான் டாக்டர்."

"கால்ல ஒண்ணுமே இல்லையே. நீங்க கையக் காட்டுங்க."

எனக்குத்தான் மருந்து போட்டு அனுப்பினார். யாழினியின் உள்ளங்காலில் மையும் இல்லை. தண்ணீரில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து படுக்கையறை மேசையிலிருந்த பொம்மையை எடுத்தேன். வலது பாதம் மட்டும் சுட்டது, காபி ஊற்றிய டம்ளர் போல. அந்தப் பாதம் முழுக்க மெருகில் மயிரிழை விரிசல்கள். பீங்கான் மேல் திடீரென்று சூடு பட்டால் விழுவது அப்படித்தான். உள்ளங்காலில் ஒரு கறுப்புப் பொட்டு.

ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. நகத்தால் வருடினேன், தட்டவில்லை. காலையில் எடுத்த போட்டோவைப் பார்த்தேன், வெறும் வெள்ளை. லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். பொட்டின் நடுவே ஒரு கோடு, காபிக்கொட்டை மாதிரி.

பயம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சன்னதியில் திரை விலகும்போது பேச்சு நின்றுபோகுமே, அப்படி நின்றேன். யாழினி என் புடவையைப் பிடித்து இழுக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன்.

நகத்தில் தட்டவில்லை என்றால் அது சூளைக்குப் போவதற்கு முன்பு வைத்தது. என் தொழில் அவ்வளவுதான் சொல்கிறது. அந்தப் பொம்மையைச் சுட்டவர்கள் மண்ணுக்குள் போய் எத்தனையோ தலைமுறை ஆகியிருக்கும்.

புது போட்டோக்களை அக்காவுக்கு அனுப்பினேன், விரிசலை மறைக்கவில்லை. மறுநாள் போன் வந்தது.

"விரிசல் இருந்தா பரவால்லியாம், சார் எடுத்துக்குறாராம். ஆனா ஒண்ணு கேக்குறாருமா. வாளு பட்டறை முத்திரை, சரி. கால்ல ஒரு பொட்டு கீதே, அது எந்த ஆர்ட்டிஸ்ட் வச்சதுன்னு கேக்குறாரு. இன்னா சொல்லட்டும்?"

இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் சொல்லவில்லை. பொம்மை என்னிடம்தான் இருக்கிறது. தினமும் யாழினியின் காலில் மை வைக்கும்போது என் விரலைப் பார்த்துக்கொள்கிறேன்.