எடுக்கிற கையைப் பார்க்காத கூடை

திருப்பரங்குன்றத்தில் பேருந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மண்டபத்து மூலையில், ஈரத்துணி போட்டு மூடிய மூங்கில் கூடை ஒன்று இருந்தது. காலையில் அந்தத் துணியை விலக்கினால் மல்லிகை மொக்கு பச்சை வாசனையோடு குளிர்ச்சியாகக் கிடக்கும். பிள்ளைகளே, நீங்கள் அதைப் பார்த்ததில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே உங்கள் அப்பா ஏன் எழுந்து போய்விடுகிறார் என்று ஒருநாள் கேட்டீர்களே, அதற்காக எழுதுகிறேன். எனக்குப் பத்தாம் வகுப்புப் படிப்புதான். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

அப்போது நான் ஒரு சிறிய அறக்கட்டளையின் வேன் ஓட்டினேன். அதை நடத்தியவர், மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரிய டீச்சர். விடியுமுன் பூக்கட்டுகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போவேன். அவர்கள் பூ வாங்கியதும் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். இறங்குகிறபோது ஆளுக்கு ஒரு கை மொக்கை அந்தக் கூடையில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அன்றைக்குப் பூ வாங்க வழியில்லாதவர் பிறகு வந்து அள்ளிக்கொள்வார், கட்டி விற்பார். கையில் காசு புரண்டதும் அவரும் ஒரு கை போடுவார். யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. இந்தப் பழக்கம் டீச்சர் உண்டாக்கியதல்ல, அந்தப் பெண்களுடையது. டீச்சர் செய்ததெல்லாம் வேன் விட்டதும், மழைக்குத் தார்ப்பாய் வாங்கிக் கொடுத்ததும்தான். வேனில் அறக்கட்டளையின் பெயரைக்கூட எழுத விடவில்லை. "குடுக்குறது அவங்கப்பா. நம்ம வேல அவங்களுக்கு வண்டி ஓட்டுறது" என்பார்.

எழுமலையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணும் எங்கள் வேனில் வருவாள். எனக்குத் தங்கச்சி மாதிரி. வண்டியில் அவள் இருந்தால் சிரிப்புக்குக் குறைவிருக்காது. அவள் புருஷன் கொத்தனார். அவர் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையானதும் அவள் வேனுக்கு வருவது நின்றது. ஆனால் மண்டபத்துப் பக்கம் அவள் கட்டிய சரத்தைப் பார்ப்பேன், அவளுடைய நெருக்கமான கட்டு எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பெரிந்ததும், மகள் பள்ளிக்கூடம் போனதும் அந்தக் கூடையால்தான்.

டீச்சர் உடம்பு முடியாமல் தன் மகன் இருக்கிற ஊருக்குப் போனார். டீச்சரிடம் படித்தவர் ஒருவர் அறக்கட்டளைக்குச் செயலாளராக வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், இனிமையாகப் பேசுவார். "யார் எடுக்குறாங்கன்னே தெரியாம எப்படிப்பா உதவி பண்றது? நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தான நாலு பேர் குடுப்பாங்க?" என்றார். பிறகு ஒரு காலையில் தூணுக்குப் பின்னால் நின்று, எழுமலைத் தங்கச்சி கூடைக்குள் கையை விட்ட நேரத்தில் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார். ஒளிந்து நின்று பிடித்தார் பிள்ளைகளே. திருடனைப் பிடிக்கிற மாதிரி.

சில நாளில் சந்தையிலிருந்து திரும்பி வந்தால், மண்டபத்துக்கு எதிரே ஆளுயரத்துக்கு மேல் ஒரு பிளெக்ஸ் நின்றது. கும்பிட்டபடி செயலாளர். அவர் பக்கத்தில் கூடைக்குள் கையும், திடுக்கிட்டு நிமிர்ந்த முகமுமாக அவள். கீழே 'ஏழைத் தாயின் கண்ணீர் துடைத்த கரங்கள்' என்று எழுதியிருந்தது. சோற்றை வாயில் வைத்த பிறகு முடி தட்டுப்பட்டால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது எனக்கு. வேனிலிருந்து இறங்கிய ஓர் அக்கா, "அடேயப்பா, அவரு மூஞ்சி அம்புட்டுப் பெருசு, பூ மட்டும் இம்புட்டுத்தேன்! எங்க பூவ நாங்க போட்டா, இவரு எந்தக் கண்ணீரத் தொடச்சாரு?" என்று காறித் துப்பினாள்.

தகவல் தெரிந்து எழுமலைத் தங்கச்சி ஓடி வந்தாள். பிளெக்ஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அண்ணே, எம்மக பள்ளிக்கூடத்துக்கு இந்த வழியாத்தேன் வருவா. அதுக்குள்ள எறக்கிருங்கண்ணே."

செயலாளர் அங்கேதான் நின்றார். "நல்லா வந்திருக்கும்மா! இதப் பாத்து எத்தன பேர் மனசு எளகும் தெரியுமா?" என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார். நான் வேன் மேல் ஏறினேன். கீழேயிருந்து அக்கா கத்தரியை நீட்டினாள். ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்து மறுபக்கம் போவதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்துவிட்டார்கள். நடுவில் தங்கச்சியின் மகள் நின்றாள். பாதி தொங்கிக்கொண்டிருந்த தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கூட வந்தவர்கள் ஏதோ கேட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துபோனாள்.

மறுநாளும் பெண்கள் பூப் போட்டார்கள். எடுக்க யாரும் வரவில்லை. மொக்கெல்லாம் கூடைக்குள்ளேயே விரிந்து, பழுத்து, அழுகிப்போனது. இரண்டாம் நாள் அந்த நாற்றத்தை நான்தான் அள்ளிக் கொட்டினேன். ஒன்று சொல்கிறேன், அழுகின மல்லிகைக்கு இணையான நாற்றம் கிடையாது. வேன் சாவியைச் செயலாளர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நிரப்பிய கூடையோடு அவர் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிற நாளில் அவரே பூ வாங்கி நிரப்புகிறாராம்.

இப்போது நம் லோடு ஆட்டோவில் அதே பெண்கள்தான் வருகிறார்கள். இறங்கும்போது ஆளுக்கு ஒரு கை மொக்கை வண்டிப் பலகை மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள். தேவைப்பட்டவர் அதை அள்ளிக்கொண்டு கடைசியில் இறங்குகிறார். நான் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எழுமலைத் தங்கச்சி ஒரு பரோட்டாக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். கொல்லைப்புறத்தில் எண்ணெய்ச் சட்டியோடு குந்தியிருந்தவளைப் போன வாரம் போய்ப் பார்த்தேன்.

"வண்டியில எடமிருக்கும்மா. வந்துரு. யாரும் பாக்க மாட்டாக" என்றேன்.

கரி படிந்த கையை நிறுத்தாமலே சொன்னாள்: "எம்மக பாத்துட்டாளேண்ணே."