வடகாற்றும் உஸ்தீன்யாவின் டெய்சிகளும்

வெண்கடல் கரையில் உஸ்தீன்யா முப்பது வருடமாகத் தபால் அலுவலகம் நடத்துகிறாள். அவள் பேச்சை ஊரில் யாரும் சந்தேகித்ததில்லை. எல்லார் கடிதங்களையும் அவள் அறிவாள் என்பதும் அதற்கு ஒரு காரணம். சந்தேகித்தவர் வெளியூர்க்காரர், செடிகளைப் பற்றி எழுதும் சோசிமோவ்.

குளிர்க்கடல் ஓரங்களில் மட்டும் முளைக்கும் டெய்சிப் பூச்செடிகள் சில உண்டு. இரண்டு மூன்று வகைதான். அவற்றில் எதுவும் இந்தக் கரையில் இல்லை என்று அவர் பத்திரிகையில் எழுதியிருந்தார். வீட்டுக்குப் பின்னால் உப்புச் சேற்றில் வருடாவருடம் அவற்றில் ஒன்றை மிதித்து நடப்பவள் உஸ்தீன்யா. உடனே ஒரு பூவை உறையில் வைத்து அனுப்பினாள். வழியில் யாரோ முத்திரை குத்திய குத்தில் பூ கூழாகிவிட்டது. "வெறும் வயல் சாமந்தி போலிருக்கிறது," என்று பதில் வந்தது. "ஆகஸ்ட் கடைசியில் நேரில் வருகிறேன். செடி பூவோடு இருந்தால் ஒப்புக்கொள்கிறேன்."

அவர் பக்கத்துத் துறைமுகம் வரை வந்ததும் வடகாற்று பிடித்துக்கொண்டது. ஆறு நாள் படகு நகரவில்லை. ஞாயிறு வரைதான் காத்திருப்பேன் என்று தந்தி அடித்தார். அவர் திரும்பிப் போனாலும், அதற்குள் இதழ் கொட்டினாலும் உஸ்தீன்யா ஊரறிந்த பொய்க்காரி.

காற்றை அடக்க இந்தக் கரைப் பெண்களுக்கு ஒரே வழிதான் தெரியும். ஊரில் உயிரோடிருக்கும் வழுக்கைத் தலையர் இருபத்தேழு பேரின் பெயரைச் சொல்லி, பெயருக்கு ஒரு வெட்டாகக் குச்சியில் போட்டு, கடலுக்கு முதுகு காட்டி எறிய வேண்டும். வெள்ளிக்கிழமை எட்டுப் பெண்கள் கூடினார்கள். இருபத்தாறோடு வழுக்கை தீர்ந்துபோனது.

"உன் வீட்டுக்காரன் இருக்கானே," என்று கூட்டத்திலிருந்த மார்ஃபா உஸ்தீன்யாவிடம் சொன்னாள்.

உஸ்தீன்யாவின் புருஷன் லுக்யான் பக்கத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்தான். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு முடி இருக்கு!"

"எங்க இருக்கு? காட்டு பாப்போம்," என்றாள் உஸ்தீன்யா.

தொப்பி கழன்றதும், காதோரத்திலிருந்து மேலே வாரிவிட்டிருந்த பதினோரு முடிகளும் காற்றில் எழுந்து நின்றன.

"பதினொண்ணு இருந்தா வழுக்கை இல்லடி," என்றாள் ஒருத்தி.

"அப்ப ஒண்ணு இருந்தா?"

"அது வழுக்கைதான்."

"ரெண்டு?"

எந்த முடி உதிரும்போது ஒருவன் வழுக்கையாகிறான் என்பது சுலபமான கேள்வியில்லை. அதை யோசிக்கக் காற்று நேரமும் கொடுக்கவில்லை.

உஸ்தீன்யா புருஷனைத் தனியே இழுத்துப் போனாள். "லுக்யான், நாளான்னைக்குள்ள அந்த ஆளு வரலைன்னா ஊரு என்னையப் பாத்துச் சிரிக்கும்."

"இப்ப என்னையப் பாத்துச் சிரிக்குதே?"

"நீ பழகிக்குவ. எனக்குப் பழக்கமில்ல."

அவன் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டான். "போட்டுத் தொலைங்க," என்றான். மார்ஃபா இருபத்தேழாவது வெட்டைத் தேவைக்கு மேல் ஆழமாகவே போட்டு, கடலுக்கு முதுகு காட்டிக் குச்சியை எறிந்தாள்.

மறுநாள் காற்று நின்றது. அத்தோடு, எதிரில் நிற்பவர் மூக்கு தெரியாத மூடுபனி இறங்கியது. அந்தப் பனியில் எந்தப் படகும் கிளம்பாது.

"ஒரு வழுக்கை கூடிப்போச்சோ?" என்று கவலைப்பட்டாள் மார்ஃபா.

"அப்ப என்னைய கழிச்சுடுங்க!" என்று பனிக்குள்ளிருந்து லுக்யான் குரல் வந்தது.

ஞாயிறு மதியம் பனி விலகியது. சோசிமோவ் கடல் குமட்டலில் வெளுத்த முகத்தோடு படகிலிருந்து இறங்கினார். உஸ்தீன்யா அவருக்கு உட்காரக்கூட இடம் காட்டவில்லை. நேராகச் சேற்றுக்கு நடத்திப் போனாள். தடித்த இலைகளுக்கு நடுவே, ஒரு இதழ் குறையாமல், வெள்ளை வெளேரென்று நின்றன பூக்கள். ஏழு நாள் காற்றையும் பனியையும் அவை கண்டுகொள்ளவே இல்லை.

அவர் முழங்காலிட்டு, இலையைத் திருப்பிப் பார்த்து, வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "அதேதாங்க. தப்பு என் மேலதான்."

"எழுதிக் குடுங்க."

எழுதினார். உஸ்தீன்யா வாசித்தாள். "'உள்ளூர்க்காரர் ஒருவர் தந்த தகவல்படி'ன்னு போட்டிருக்கீங்க. அந்த ஒருவருக்குப் பேரு இருக்குங்க."

திருத்தி எழுதினார். அவள் தன் முழுப்பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து, அந்தத் தாளைத் தபால் அலுவலகத்துக்கு எடுத்துப்போய், அரசாங்க முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தி, அதன் வாசல் கதவில் ஆணியடித்து மாட்டினாள்.