சீர்த்தட்டில் விஸ்கி கிளாஸ்

மதுரையில் ஒரு பெரிய கண்ணாடிக் கடையில் பெரியப்பா ஒரு கிளாஸைக் காதோரம் வைத்துக்கொண்டு விரல் நகத்தால் சுண்டியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அந்த மெல்லிய சத்தம் அடங்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார். விருதுநகரில் அவர் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரி. ஒரு கை வற்றலை அள்ளிக் குலுக்கி, உள்ளே விதை கலகலப்பதைக் கேட்டே எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதே முகத்தோடுதான் விஸ்கி கிளாஸையும் கேட்டுக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு சொட்டு குடிக்காத மனிதர். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருப்பாகத்தான் இருக்கிறது.

குடி என்றால் அவருக்கு அப்படி ஒரு வெறுப்பு. அரசாங்கமே கடை திறந்து விற்க ஆரம்பித்திருந்த வருடங்கள் அவை. அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார். மூட்டை தூக்குகிற ஒருவர் முந்தின நாள் வாடையோடு வேலைக்கு வந்துவிட்டார் என்று குடோன் வாசலிலேயே நிறுத்தி, "குடிச்ச வாயோட எம் மூட்டையத் தொடாதலே. இனிமே இந்தப் பக்கமே வராத" என்று எல்லோர் முன்னாலும் விரட்டினார். அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். பெரியப்பாவைப் போல ஒழுக்கமானவர் உண்டா என்று தெருவே மெச்சியது. நானும் மெச்சினேன்.

பெரியப்பாவின் ஒரே மகளுக்கு, என் அக்காவுக்கு, சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த குடும்பத்திலிருந்து சம்பந்தம் வந்தது. நாரணாபுரத்தில் ஒரு கம்பெனி, தாயில்பட்டிப் பக்கம் இன்னொன்று. பெரிய இடம். பேசி முடித்துப் பூவும் வைத்தபிறகு மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். சீர் சாமானோடு நல்ல கிரிஸ்டல் விஸ்கி கிளாஸ் ஆறு வேண்டுமாம். "சீசனுக்கு வடக்கேருந்து பார்ட்டிக ஆர்டர் குடுக்க வீட்டுக்கே வருவாக. அவுகளுக்கு எவர்சில்வர் டம்ளர்ல ஊத்திக் குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்றார். விஷயம் அக்காவின் காதுக்கு வந்ததும் அவள் பெரியப்பாவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பா, வாரவுகளுக்கு மட்டுந்தானா, இவரும் குடிப்பாரான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க. குடிக்கிறவருன்னா எனக்கு வேண்டாம்." அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. குடிக்கிறவன் வீட்டில் மனுசி வாழ முடியாது என்று சின்ன வயதிலிருந்து அவளுக்குச் சொல்லி வளர்த்ததே பெரியப்பாதான். "கேப்பம், கேப்பம்" என்று கைகழுவப் போனார். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "நீ இங்கிலீசு படிச்சவ. கிளாஸு பெட்டியில என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லணும், மதுரைக்குக் கிளம்பு" என்றார்.

கடைக்காரர் எடுத்து வைத்து விளக்கினார். குட்டையாக, அடி கனத்து, வாய் அகன்றிருப்பது ஐஸ் போட்டுக் குடிப்பவர்களுக்கு. கீழே உருண்டு மேலே குறுகியிருப்பது மணம் பார்த்துக் குடிப்பவர்களுக்கு. பெரியப்பா கேட்ட கேள்விகளுக்கு ஒரு அளவே இல்லை. இந்த வெட்டு கையால் போட்டதா, அச்சில் வார்த்ததா? விளிம்பு இவ்வளவு மெல்லிசாக இருக்கிறதே, உதட்டை அறுக்காதா? கிளாஸோடு கிளாஸை இடிப்பார்களாமே, தாங்குமா? ஒரு தடவைக்கு எம்புட்டு ஊத்துவாக? கடைக்காரர் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். "இம்புட்டுத்தானா?" என்றார் பெரியப்பா, கொஞ்சம் ஏமாந்தவர் மாதிரி. பச்சைத் தண்ணீரில் அழகு தெரியவில்லை என்று பால் கலக்காத டீ வாங்கிவரச் சொல்லி, ஆறவைத்து, அதை ஊற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜொலிக்குதுல்ல?" என்று என்னிடம் கேட்டார். இத்தனை கேட்கத் தெரிந்த மனிதர், கேட்க வேண்டிய இடத்தில் அந்த ஒரு கேள்வியைக் கேட்டாரா என்று திரும்பும்போது பஸ்ஸில் அவரிடமே கேட்டேன். "சின்னப்புள்ள மாதிரிப் பேசாத. பெரிய இடத்துல போயி அதையெல்லாம் கேட்டா நம்மள என்ன நினைப்பாக?" என்றார். விருதுநகர் வரும்வரை பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி மடியிலேயே வைத்திருந்தார்.

அதோடு விட்டாரா என்றால், இல்லை. எங்கள் பக்கம் சீர்ப் பாத்திரம் என்றால் பெண்ணின் பெயர் வெட்டியாக வேண்டும். குடம், அண்டா, கரண்டி வரை வெட்டியாகிவிட்டது. கிளாஸ்களையும் பெட்டியோடு பாத்திரக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். பெயர் வெட்டுகிறவர் பதறிப்போய், "அண்ணாச்சி, இது எவர்சில்வருக்கு உள்ள மிஷினு, கண்ணாடி தாங்காது" என்றார். "மெதுவா வெட்டும்யா" என்றார் பெரியப்பா. முதல் கிளாஸ் அடியிலிருந்து விளிம்புவரை கீறல் விட்டது. மற்ற ஐந்திலும் எப்படியோ, கோழி கிண்டின மாதிரி, அக்காவின் பெயர் ஏறிவிட்டது. ஆறு கேட்ட இடத்தில் ஐந்து கொடுத்தால் மரியாதை இல்லை என்று திரும்பவும் மதுரைக்குப் போனார். உதிரியாகத் தர மாட்டார்கள் என்றதால் இன்னொரு முழுப் பெட்டி வாங்கிவந்து, அதில் ஒன்றை எடுத்துப் பெயர் வெட்டி ஆறாக்கினார். அக்கா ஒரு கிளாஸைக் கவிழ்த்துப் பார்த்து, "எம் பேரு போட்டதுல யாருப்பா குடிக்கப் போறா?" என்றாள். "பாத்திரம்னா பேரு இருக்கத்தான செய்யும்" என்றார்.

கல்யாண மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்துச் சீரைப் பரப்பினார்கள். பீரோ, கட்டில், குத்துவிளக்கு, எவர்சில்வர் குடங்கள். பெரியம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார். வெள்ளித் தாம்பாளத்தில் இருந்த ஆறு விஸ்கி கிளாஸுக்கும் வரிசையாகப் பொட்டு வைத்தார். சாமிக்கு வைக்கிற கையால். பார்த்துக்கொண்டிருந்த ஒரு அத்தை, "இது என்னண்ணே?" என்றதும் பெரியப்பா வாய் கூசாமல் "ஜூஸ் கிளாஸு" என்றார். மாப்பிள்ளையின் அம்மா ஒன்றை எடுத்துச் சுண்டிப் பார்த்து, "நல்ல அயிட்டமாத்தான் வாங்கியிருக்கீக சம்பந்தி" என்றபோது அவர் முகத்தில் வந்த பூரிப்பு இருக்கிறதே, த்தூ என்று துப்பலாம் போல இருந்தது. மணப்பெண் அறையில் அக்காவுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவைக் கூப்பிட்டனுப்பினாள். "கடைசியாக் கேக்கேன்ப்பா. கேட்டீகளா?" பெரியப்பா அவள் தலையில் கை வைத்து, "கேட்டேன் தாயி. தொடவே மாட்டாராம்" என்றார். அக்காவின் முகம் அப்படியே மலர்ந்துபோனது. நானும் அதை நம்பினேன்.

கல்யாணமாகி மூன்றாம் நாள் ராத்திரியே மாப்பிள்ளை அந்த கிளாஸை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அப்பா கேட்டதற்குத் தொட மாட்டேன் என்றீர்களாமே என்று அக்கா கேட்டாளாம். அவன் சிரித்துவிட்டு, "உங்கப்பா எங்கிட்ட ஒண்ணுமே கேக்கலையே. கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். நான் எதுக்கு மறைக்கணும்?" என்றானாம். இதை அவள் என்னிடம் சொன்ன அன்று எனக்கு அவனைவிடப் பெரியப்பாவின் மேல்தான் அருவருப்பு வந்தது. அவன் உள்ளதைச் சொல்லியிருப்பான். கேட்கத்தான் ஆளில்லை.

இரண்டு தீபாவளி தாண்டியது. அடுத்த சீசனில் ஒருநாள் வந்திருந்த பார்ட்டிகள் முன்னால் அக்காவையே ஊற்றிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறான். மாட்டேன் என்றதற்கு அத்தனை பேர் பார்க்க அறைந்தான். கட்டிய சேலையோடு பஸ் ஏறி விருதுநகர் வந்துவிட்டாள். "பெரிய இடம்னா அப்படி இப்படித்தான் இருக்கும், நாமதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று ஆரம்பித்தார் பெரியப்பா. "நீங்க கேட்டேன்னு சொன்னதுக்குத்தான் நான் கழுத்த நீட்டுனேன்" என்றாள் அக்கா. அவளுக்குச் சோறு போடு என்று பெரியம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான் அவர் பேசியது. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டு, தனியாக ஒரு மாடி வீடு பிடித்துப் போய்விட்டாள். அந்த வீட்டுக்குப் பெரியப்பா இன்றுவரை போனதில்லை.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு காதுகுத்து. பெரியப்பாவுக்கு இப்போது நல்ல வயதாகிவிட்டது. பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தூரத்து உறவுக்காரர் அக்காவைப் பற்றி விசாரித்தார். "மாப்பிள்ளை தங்கமான ஆளுதான். சீர்ல குடுத்த அந்தக் கிளாஸு செட்டுதான் ராசியில்லாமப் போச்சு" என்றார் பெரியப்பா, பெருமூச்சு விட்டுக்கொண்டு. ஊருக்கெல்லாம் இத்தனை வருடமாக இதைத்தான் சொல்லிவந்திருக்கிறார். பின்னால் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்த அக்கா அப்படியே நின்றாள். குரலை உயர்த்தாமல், "கிளாஸ விடுங்கப்பா. எங்கிட்ட ஏன் பொய் சொன்னீக?" என்றாள். வரிசையில் ஐந்தாறு பேர் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியப்பா நிமிரவில்லை. சோற்றில் குழி பறித்துக்கொண்டு, ரசம் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினார்.