பிரான்சுக்குப் போன போட்டோ

எங்கள் வீட்டுக் கூடத்தில், கடிகாரத்துக்குக் கீழே, அக்காவின் போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் யாரும் அதன் முன்னால் நின்று, "பொண்ணு இன்னா அழகா சிரிக்குது!" என்று சொல்லாமல் போவதில்லை. அம்மாவும் விடமாட்டாள். "சின்னவ எடுத்தது. அப்ப அதுக்குப் பதினோரு வயசு" என்று என்னைக் கைகாட்டுவாள். அந்த நேரம் பார்த்து எனக்குச் சமையலறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பிரான்ஸ் மாப்பிள்ளை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வில்லியனூர் பக்கம் பிறந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பூட்டனோ தாத்தாவோ பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்திருப்பார். குடும்பமே அந்த நாட்டுக் குடியுரிமையோடு அங்கே போயிருக்கும். பையனுக்குத் தமிழ் பாதிதான் வரும். ஆனால் பெண் மட்டும் இங்கேயிருந்துதான் வேண்டும். அப்படி ஒரு வரன் வந்துவிட்டால் பையன் குணம் என்ன, என்ன வேலை செய்கிறான் என்று யாரும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டே ஜாதகம்.

அம்மாவின் தம்பியான என் மாமா அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். மூலக்குளத்தில் அவருக்கு ஹார்டுவேர் கடை. கடைக்கு வரும் அம்மாள் ஒருத்தியின் அண்ணன் மகனுக்குத்தான் பெண் தேடினார்கள். பையனுக்கு லீவு கிடைக்காதாம். போட்டோ பார்த்துப் பிடித்தால் நேரே தாலி கட்டத்தான் வருவானாம். ஸ்டூடியோவில் எடுத்தால் முகத்துக்குப் பூசி மெழுகிக் கொடுத்துவிடுவார்கள் என்று அவர்களுக்குச் சந்தேகம். அதனால் ஊருக்கு வந்திருந்த பையனின் தங்கையே தன் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தாள். வீட்டில் சாதாரணமாக நிற்கிற மாதிரி, தலை முதல் கால்வரை ஒரு போட்டோ. ஞாயிற்றுக்கிழமை அவள் விமானம் ஏறுகிறாள். அதற்குள் கொடுக்காவிட்டால் பாகூரில் இன்னொரு பெண்ணின் போட்டோ தயாராக இருக்கிறது என்றார் மாமா.

அக்கா அப்போதுதான் சேதராப்பட்டில் ஒரு மருந்து கம்பெனியில் சேர்ந்திருந்தாள். மாத்திரைகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் வேலை. காலையில் மெயின்ரோட்டுக்கு வரும் கம்பெனி வேனில், டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அவள் இடம். சாயந்திரம் வந்தால் செருப்பைக் கழற்றுவாள், கைகால் கழுவுவாள், கழுத்தில் தொங்கும் ஐடி கார்டை மட்டும் சாப்பிட உட்காரும்வரை கழற்ற மாட்டாள். அதில் அவள் போட்டோ ஒன்று இருக்கும். கண்ணை நன்றாகத் திறந்து, கேமராவை நேராகப் பார்த்து, ஆடாமல் அசையாமல்.

"ரெண்டு வருசம் போவட்டும்மா" என்று அவள் ஒரே ஒருமுறை சொன்னாள். "பாரீசு மாப்ள உனக்காக ரெண்டு வருசம் குந்திக்கினு இருப்பானா?" என்று அம்மா கேட்டாள். அப்பா மட்டும் கரும்புத் தோகையைப் பல்லால் கடித்துக்கொண்டு, "பொண்ணுக்கு இஷ்டமில்லன்னா..." என்று ஆரம்பித்து, மாமா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அப்பா எந்த வாக்கியத்தையும் முடித்து நான் பார்த்ததில்லை.

முதலில் மாமாதான் எடுத்தார். கேமராவின் முதுகிலிருந்த சின்னத் திரையில் பார்த்தால் அக்காவைக் காணோம், மாமாவின் விரல் மட்டும் முழு உருவத்தில் இருந்தது. அடுத்து அப்பா எடுத்தார். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி கேமராவைப் பிடித்து, அக்காவுக்குத் தலை இல்லாமல் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் தொட்டவள் என்ற ஒரே தகுதியில் கேமரா என் கைக்கு வந்தது. "நல்லா எடுத்துட்டன்னா பாரீசுலருந்து உனக்கே ஒண்ணு வரும் பாப்பா" என்றார் மாமா. போதாதா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

கூடவே ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. எல்லாம் பிரெஞ்சு. ஆனால் படங்கள் போட்டு, தப்புக்குப் பெருக்கல் குறியும் சரிக்கு டிக்கும் வைத்திருந்தார்கள். ஊரிலேயே அந்தப் புத்தகத்தை முழுசாகப் படித்தவள் நான்தான்.

வியாழக்கிழமை சாயந்திரம் எடுத்ததெல்லாம் பனி மூடின மாதிரி வந்தது. புத்தகத்தில் ஒரு துணியும் கண்ணாடியும் வரைந்திருந்தது. பார்த்தால், மாமாவின் விரல் எண்ணெய் லென்சில் அப்பியிருக்கிறது! பாவாடை நுனியால் துடைத்தேன். பனி போனது. அடுத்த தொல்லை, அக்கா முகம் கறுப்பாக விழுந்தது. வாசற்படியில், வெளிச்சம் அவள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றிருந்தாள். ஆளுக்குப் பின்னால் சூரியன் இருந்தால் பெருக்கல் குறி. முன்னால் இருந்தால் டிக். "இந்தப் பக்கம் வந்து நில்லுக்கா" என்றேன். "கண்ணு கூசுதுடி" என்றாள். வந்தாள்தான்; ஆனால் நான் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோவதற்குள் மறுபடி வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சூரியன் இறங்கும்வரை இதே கூத்து.

வெள்ளிக்கிழமை வெளிச்சம் சரியாக வந்தது, அக்கா கலங்கலாக வந்தாள். கை நடுங்கினால் அப்படி வரும் என்று படம் சொன்னது. முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டேன், தூணில் சாய்ந்துகொண்டேன், மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் கலங்கல். வேடிக்கை என்னவென்றால், பின்னால் இருந்த சுவர் தெளிவாக இருந்தது, குரோட்டன்ஸ் செடி தெளிவாக இருந்தது, குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த கோழியின் கொண்டைகூடத் தெளிவாக இருந்தது. அக்கா மட்டும்தான் கலங்கல். என் கை நடுங்கியிருந்தால் சுவரும் அல்லவா கலங்கியிருக்க வேண்டும்? இந்த மரமண்டைக்கு அது எட்டவில்லை. இந்தக் கேமராவுக்கு அக்காவைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

புத்தகத்தைப் புரட்டினால், ஓடுகிற மனுஷன் படம் ஒன்று இருந்தது. கேமராவின் தலையிலிருந்த சக்கரத்திலும் அதே ஓடுகிற மனுஷன். அதைத் திருப்பி வைத்தால் ஓடுகிற ஆளும் நின்ற மாதிரி விழுவான். திருப்பி வைத்தேன். கோழியை விரட்டி எடுத்துப் பார்த்தேன். இறகு இறகாக விழுந்தது. இனி அக்கா எங்கே போவாள்?

சனிக்கிழமை கண்ணை மூடினாள். மூன்று எண்ணுவதாகச் சொல்லிவிட்டு இரண்டிலேயே அமுக்கினேன், அதற்கும் மூடினாள். மூடிக்கொண்டே இரு, நான் சொன்னதும் திற என்றேன். திறக்கும் நேரம் பார்த்து அமுக்கினேன். கண்ணும் கிடைத்தது! வீட்டுக்கு வந்திருந்த மாமாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன். அவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா இது, எழவு வூட்டுல நிக்கிற மாதிரி நிக்கிது. சிரிச்சாப்ல எடு. காலையில வந்து வாங்கிக்கினு போறேன், அதுக்குமேல ஆவாது" என்றார்.

அன்று சாயந்திரம் அக்கா என்னைப் பார்த்து, "நாளைக்குக் காலையோட முடிஞ்சிருமா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, கவலப்படாத, அதுக்குள்ள எடுத்துருவேன்" என்று தைரியம் சொன்னேன். அவளுக்குத் தைரியம் சொன்ன அழகைப் பாருங்கள்.

ஞாயிறு காலையில் அவளை மோட்டார் கொட்டகைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. லென்ஸ் துடைத்தாயிற்று. ஓடுகிற மனுஷனும் தயார். முகம் மட்டும் உம்மென்று இருந்தது. அதையும் விட்டுவிட்டு, கால் வெட்டுப்படுகிறதே என்று பின்னால் ஒரு அடி வைத்தேன். இன்னும் வெட்டுப்பட்டது. இன்னொரு அடி வைத்தேன். தொப்பென்று வாய்க்காலில் விழுந்தேன். இடுப்புவரை சேறு. பிரான்ஸ்காரி கேமரா ஆயிற்றே என்று அதை மட்டும் இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்கா சிரித்துவிட்டாள். எப்போதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள், அன்று கையை வாய்க்குக் கொண்டுபோக மறந்துவிட்டாள். சேற்றில் உட்கார்ந்தபடியே அமுக்கினேன்.

ஓடிவந்து என்னைத் தூக்கி, "அடிபட்டுச்சாடி கண்ணு?" என்றாள். நான் திரையைக் காட்டினேன். தலை, கால், கண், வெளிச்சம், சிரிப்பு, எதிலும் குறை சொல்ல முடியாது. அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இத அழிச்சிடுடி" என்றாள்.

"ஏன்க்கா, நல்லாத்தான இருக்கு?"

"அழிச்சிடு கண்ணு. எனக்கு எந்த பட்டன்னு தெரியல. அழிச்சிடு."

துப்பட்டா விலகியிருந்தது, அதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ரோட்டில் மாமாவின் வண்டி ஹாரன் கேட்டது. சேற்றுப் பாவாடையோடு ஒரே ஓட்டம் ஓடினேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்குமுன் மாமா எங்களுக்கும் ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டார். பாரீசில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. சிரித்த முகம், சம்மதமான முகம் என்றார்களாம். இழுத்துக்கொண்டிருந்த அப்பாவின் வாயையும் அந்தப் போட்டோதான் அடைத்தது. "பாருங்க மச்சான், பொண்ணே இன்னா சந்தோசமா நிக்கிது! இதுக்குமேல உங்களுக்கு இன்னா வேணும்?" என்று மாமா கேட்டபோது, அப்பா போட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், எழுந்து கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குச் சிரித்தது. சேற்றில் விழுந்த என்னைப் பார்த்து என் அக்கா சிரித்தது. அதை ஊர்பேர் தெரியாத ஒருவனுக்குச் சம்மதமாக்கி அனுப்பிவிட்டார்கள். கல்யாணத்துக்காக அக்கா வேலையை விட்ட அன்று ஐடி கார்டைக் கம்பெனியிலேயே வாங்கிக்கொண்டார்கள். வெறும் கழுத்தோடு வந்தாள்.

யானை வாயில் போன கரும்பு திரும்பி வருமா? அங்கே போனபிறகுதான் தெரிந்தது, மாப்பிள்ளைக்கு ஏற்கனவே வேறு ஒரு வீடும் அந்த வீட்டில் ஒருத்தியும் உண்டு என்று. படுத்த படுக்கையாக இருந்த தாய்க்குக் கைகால் பிடிக்க ஊர்க்காரப் பெண் ஒருத்தி தேவைப்பட்டிருக்கிறாள். அக்கா போனில் அழுதாள். "அனுசரிச்சுப் போம்மா, போகப்போக சரியாயிடும்" என்றாள் அம்மா. மாமா கடையில் இன்றைக்கும், "எங்க அக்கா பொண்ணு பாரீசுல கீது" என்பதுதான் முதல் பேச்சு. எனக்கு வரவேண்டிய கேமரா வரவில்லை. வந்திருந்தால் அந்த வாய்க்காலிலேயே போட்டிருப்பேன்.

ஐடி கார்டுக்குக் கல் மாதிரி நின்றவள் என் கேமராவுக்கு முன்னால் மட்டும் ஏன் அசைந்தாள், ஏன் கண்ணை மூடினாள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாண்டிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று அவள் தனியாளாகப் போராடிக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் வீடியோ கால் வருகிறது. அம்மா போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துத் தன் நெற்றியை மட்டும் காட்டுவாள். அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு ஜன்னல் தெரியும், அதற்கு முன்னால் அக்கா கறுப்பாகத் தெரிவாள். முகம் வீங்கியிருக்கிறதா, அழுதிருக்கிறாளா, இளைத்திருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. குரல் மட்டும், "நல்லா கீறேம்மா" என்று வரும்.

போன வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "இன்னாடி இது, எப்பப் பாத்தாலும் அவ மூஞ்சி இருட்டாவே தெரியுது? நீதான் போட்டோலாம் நல்லா எடுப்பியே, இன்னா பண்ணணும்னு சொல்லேன் அவளுக்கு."

போனை வாங்கினேன். திரும்பி உட்காருக்கா என்றால் போதும். அந்தக் கறுப்பு உருவம் என்னையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

"ஒண்ணும் பண்ண முடியாதும்மா, அங்க நெட்டு சரியில்ல" என்றேன்.