கிழக்கே கட்டிய மேகம்

பி.ஏ. பட்டத்துக்கு எனக்கு ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது. பொது நிர்வாகம். பதினோரு வருஷமாக அப்படியே இருந்தது. அஞ்சல் வழியில் சேர்ந்து மற்ற தாள்களையெல்லாம் ஒழுங்காக எழுதித் தள்ளியவன், கடைசித் தாள் வந்ததும், கல்யாண மண்டபத்துக்குள் நுழையாமல் செருப்பு விட இடம் தேடிக்கொண்டே இருக்கிறவனைப் போல வாசலில் நின்றுவிட்டேன்.

அப்போது நான் மரக்காணத்தில் ஓர் உப்பளத்துக்கு சூப்பர்வைசர். முதலாளி புதுச்சேரியில் இருந்தார். போனில் "மழை வர்ற மாதிரி இருக்குதா?" என்று கேட்பார். நான் வானத்தைப் பார்த்துவிட்டு "இல்லீங்க" என்பேன். வேலையில் பெரும்பகுதி அதுதான். மிச்ச நேரத்தில் கிளை நூலகத்தில் இருந்த எல்லாவற்றையும் படித்தேன். ரஷ்ய நாவல், சித்த வைத்தியம், கோழி வளர்ப்பு, எதையும் விடவில்லை. பாடப்புத்தகத்தை மட்டும் விட்டுவைத்தேன்.

தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை வரும். மே மாதம் ஒன்று, டிசம்பரில் ஒன்று. உப்பளத்துக்காரனுக்கு இதைவிடத் தோதான ஏற்பாட்டை யாராலும் செய்து தர முடியாது. மே மாதம் உப்பு விளைகிற உச்சம், "சீசன் விடலைங்க" என்று சொல்லலாம். டிசம்பரில் "மழை விடலைங்க" என்று சொல்லலாம். மழைக்காலத்தில் பாத்தியெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கும், எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்காது என்பதை ஊரில் யாரும் கேட்டதில்லை. உப்பளம் என்று சொன்னால் கல்யாணத்துக்கு வராததையே மன்னித்துவிடுகிற ஊர் அது. பரீட்சை எந்த மூலைக்கு.

"இவரு மட்டும் அந்த ஒரு பேப்பர எழுதியிருந்தா இந்நேரம் எங்கியோ போயிருப்பாரு" என்று டீக்கடையில் யாராவது சொல்வார்கள். எங்கே போயிருப்பேன் என்று அவர்களும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அந்த 'எங்கியோ' எனக்குப் பிடித்திருந்தது. எழுதி, தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகிவிட்டால் அது போய்விடும். தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆன ஆள் மட்டும்தான் மிஞ்சுவான். இதை அப்போதே இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். அப்போது நான் யோசித்ததெல்லாம் மேகத்தைப் பற்றித்தான்.

தேர்வு விண்ணப்பத்தை ஒவ்வொரு தடவையும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பாயிடம் நகலெடுப்பேன். சவுதியில் தம்மாமில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவர், எதற்கும் ஆச்சரியப்படமாட்டார். "இந்தத் தடவ எழுதாம இருக்க என்ன காரணம் சார்? புதுசா, இல்ல பழசையே ரெண்டு காப்பி போட்டுடவா?" என்பார்.

2004 கடைசியில் நிஜமாகவே உட்கார்ந்தேன். அந்த முறை தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போயிருந்தது. மூன்று கலர் பேனா வாங்கி, எந்த நாள் எந்தப் பாடம் என்று ஓர் அட்டவணை போட்டேன். அதைப் போட்டு முடிக்கவே ஒரு வாரம் ஆயிற்று. மிக அழகாக வந்திருந்தது. பிறகு அலை வந்தது.

எங்கள் தெருவுக்கு வரவில்லை. குப்பங்களில் புகுந்து படகையும் வலையையும் அள்ளிக்கொண்டு போயிற்று. எக்கியார்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர், கருவாட்டுக்காக எங்களிடம் உப்பு வாங்கிப்போகிறவர், படகைப் பறிகொடுத்தார். பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவர்களுக்கு நாங்கள் சிலர் பாலும் ரொட்டியும் கொண்டுபோனோம். நான் இரண்டு நாள் போனேன். தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. யாரும் கேட்காமலே, "இந்த நெலமையில எங்க போயி பரீட்சை எழுதறது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன். பாயிடம் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன். பால் வாங்க வரிசையில் நின்ற அந்தப் படகுக்காரரிடமும் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவமே, பரீட்ச போச்சா சார்? எவ்ளோ நாளா படிச்சிருப்பீங்க."

நான் நாலு பக்கம் படித்திருந்தேன். அதற்குப் பிறகு அவர் உப்பு வாங்க வரும்போதெல்லாம், ஏதோ அவசரம் போல வேறு வரப்புக்குப் போய்விடுவேன்.

அடுத்த மே மாதம் திண்டிவனத்தில் தேர்வு எழுதப் பஸ் ஏறும் வரைக்கும் போனேன். இங்கே உப்பளத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேகம் கட்டினால் யாரும் யாரையும் கூப்பிடக் காத்திருக்கக் கூடாது. சோறு தின்கிறவர்கூடக் கையை உதறிவிட்டு ஓடி, வாரிக் குவித்த உப்பை ஓலையும் தார்ப்பாயும் போட்டு மூடவேண்டும். ஒரு நல்ல மழை பதினைந்து நாள் வேலையைக் கரைத்துவிடும்.

திண்டிவனம் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தேன். பெருமுக்கல் மலை தெரிந்தபோது பின்கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கம், கடலுக்கு மேல், மேகம் கட்டியிருந்தது. எழுந்து, விசில் கொடுக்கச் சொல்லி, இறங்கிவிட்டேன். இவ்வளவு பொறுப்பானவனாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. எதிர்ப்பக்கம் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அந்த மேகம் கலைந்து வெயில் கொளுத்தியது. அடுத்த திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்திருந்தால்கூட தேர்வுக்கு நேரம் இருந்தது. நான் மரக்காணம் பஸ்ஸில்தான் ஏறினேன்.

உப்பு வாருகிற பெண்கள் ஆறு பேர் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். குவியல்கள் திறந்தபடி பளபளவென்று கிடந்தன.

"ஏன் மூடலை?" என்றேன்.

அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்போம். "எதுக்கு சார்?"

"மேகம் கட்டுச்சே."

"எந்தப் பக்கம்?"

"கெழக்க."

ஒருத்தி மோர்மிளகாயைக் கடித்த சத்தம் கேட்டது.

"வெயில் காலத்துல கெழக்க கட்டற மேகம் எப்ப சார் பேஞ்சிருக்குது?" என்றார் அக்கா. "மேக்க கட்டினாத்தான ஓடணும். போன வருஷம் புதுசா வந்த பொண்ணுங்களுக்கு நீங்கதான வரப்புல நிக்கவெச்சு பாடம் எடுத்தீங்க?"

வாஸ்தவம். நான்தான் எடுத்தேன். கையை நீட்டித் திசை காட்டி வேறு.

அக்கா தூக்குச்சட்டியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்தார். பிறகு மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பரீட்சைன்னா பயமா சார்?" என்றார்.

"தண்ணி இருந்தா குடுக்கா" என்றேன்.

அந்த டிசம்பரில் மழை கொட்டித் தீர்த்தது. காரணத்துக்காக நான் அலைய வேண்டியிருக்கவில்லை. பொங்கல் கழிந்து பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய பாடத்திட்டத்துக்கு வருகிற மே மாதத் தேர்வுதான் கடைசி. அதிலும் தேறாதவர்கள் எல்லாத் தாள்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அதைப் படித்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இந்த ஒரு மே மாதத்தையும் தாண்டிவிட்டால், அப்புறம் யார் எழுதச் சொல்லப்போகிறார்கள்.

மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். கிளியனூர்ல எங்க அண்ணன்கிட்ட நீங்க பாஸ் பண்ணிட்டீங்கன்னு ஏழு வருஷம் முன்னாடியே சொல்லிட்டேன்."

"எதுக்கு அப்படிச் சொன்ன?"

"எழுதிடுவீங்கன்னு நெனச்சேன்."

மிஷினை மறுபடி ஓட்டத் தொடங்கிவிட்டாள். ஏழு வருஷமாக மச்சான் என்னை ஏன் அவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுகிறார் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. நிம்மதி போய்விட்டது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். படிக்க வைத்தது என் வியாதிதான். அச்சடித்த எதையாவது படிக்காமல் என்னால் சோறு தின்ன முடியாது. அவள் நூலக அட்டையை வாங்கித் தையல் மிஷின் டிராயரில் போட்டுப் பூட்டினாள். பேப்பரை நிறுத்தினாள். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட நான் கை நீட்டுவதற்குள் கசக்கிவிடுவாள். காலண்டரை விட்டால் வீட்டில் மிஞ்சிய ஒரே அச்சு, பொது நிர்வாகம். மூன்று நாள் காலண்டரின் ராசிபலனைப் படித்துச் சமாளித்தேன். நாலாம் நாள் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். மே மாதம் வருவதற்குள் புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்தேன். கோழி வளர்ப்பைவிட நன்றாகவே இருந்தது.

தேர்வு மத்தியானம் இரண்டு மணிக்கு. மனைவியும் கூட வந்தாள். "பின்னாடி உக்காந்தா திரும்பித் திரும்பிப் பாப்பீங்க" என்று என்னை டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார வைத்தாள். முழு உலகமும் முன்கண்ணாடியில் தெரிந்தது. பிரம்மதேசம் தாண்டியதும் மேகமும் தெரிந்தது. மேற்கே, திண்டிவனத்துக்கு மேல், கன்னங்கரேலென்று.

இந்தத் தடவை அது நிஜம். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊருக்கு வந்துவிடும். பெருமுக்கல் ஸ்டாப்பில் பஸ் நின்றபோது நான் எழுந்து நின்றேன்.

"ஒரு போன் மட்டும் பண்ணிட்டு…" என்றேன்.

"போங்க. ஹால் டிக்கெட்ட எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க. நான் போயி எழுதறேன், நீங்க போயி உப்ப மூடுங்க."

"உனக்கு என்ன தெரியும்?"

"மூணு மாசமா சத்தம் போட்டுத்தான படிச்சீங்க. உங்கள விட நாலு மார்க் அதிகமாவே வாங்குவேன்."

கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். "ஏம்பா, எறங்கறியா இல்லியா?"

எனக்கு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. அவருக்கு நான் போன் செய்து மேற்கே மேகம் என்று சொல்ல வேண்டுமாம். "இல்லீங்க" என்றேன். வேலையில் நான் பலமுறை சொன்ன அதே பதில்தான். கண்டக்டர் விசில் ஊதினார்.

தேர்வறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மூன்றரை மணிக்கு அதன்மேல் மழை இறங்கியது. கண்காணிப்பாளர் சொன்னதே காதில் விழவில்லை. பாதி எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் நான் கூடுதல் தாள் கேட்கிறேன் என்று நினைத்து, "சார், இவருக்குப் பேப்பர் வேணுமாம்" என்று கத்தினாள். கொடுத்துவிட்டார்கள். வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த கேள்வி, மேலதிகாரி தன் அதிகாரத்தைக் கீழே உள்ளவர்களிடம் ஒப்படைப்பது பற்றிக் கட்டுரை. புத்தகத்தில் இருந்ததை ஒரு பக்கம் எழுதினேன். பிறகு உதாரணம் என்று போட்டு, ஆறு பெண்கள் சூப்பர்வைசர் இல்லாமலே உப்பை மூடுவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். சூப்பர்வைசர் இருந்தால் தாமதமாகும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

ஊர் திரும்பி, மனைவியை வீட்டில் விட்டுவிட்டு உப்பளத்துக்கு ஓடினேன். அக்கா நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு குவியல் பாதி கரைஞ்சிடுச்சு சார். தார்ப்பா கிழிஞ்சிருந்தது. நீங்க இருந்திருந்தாலும் கரைஞ்சிருக்கும்." பிறகு, "எழுதிட்டீங்களா?" என்றார்.

"எழுதிட்டேன்."

"அது போதும்" என்று ஈரத் துண்டை உதறினார். என் மேல் தெறித்தது.

மார்க் ஷீட் வந்தபோது, பாஸ் மார்க்குக்கு மேல் இரண்டு இருந்தது. கிளியனூருக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. மனைவி மார்க்கைப் பார்த்துவிட்டு, "நானா இருந்தா ஆறு" என்றாள். ஆனால் அந்தத் தாளை இரண்டு நாள் மிஷின் மேலேயே விரித்து வைத்திருந்தாள், துணியை வேறு இடத்தில் வைத்து வெட்டினாள்.

நகலெடுக்க பாய் கடைக்குப் போனேன். அங்கே அந்தப் படகுக்காரர் ரேஷன் கார்டுக்குக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தார். நழுவ வழியில்லை. பாய் மார்க் ஷீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். "சார் பாஸ் பண்ணிட்டாரு."

ஒன்றரை வருஷமாக மறைத்ததைச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு பள்ளிக்கூடத்துல உங்ககிட்ட சொன்னேனே. பரீட்சை அலையால போகலைங்க. நான்தான் போகலை. படிக்கவே இல்ல."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"படகு போனவன்கிட்ட வந்து பரீட்ச போச்சுன்னு சொல்றீங்க, முழுசா படிச்ச ஆளா இருப்பீங்களா?" என்று சிரித்தார். "ஆனா அந்த வாரம் பூரா வந்தவங்க எல்லாம் எங்களத்தான் பாவம் பாவம்னு பாத்தாங்க. எங்களுக்கும் யாரையாவது பாவம்னு சொல்லணும் போல இருந்துது. நீங்க வந்தீங்க. நல்லாருந்துச்சு."

பாய் நகலை நீட்டினார்.

"இது ஒண்ணு போதுமா சார், ரெண்டா?"

ரெண்டு கேட்டேன். படகுக்காரர் தன் ரேஷன் கார்டு காப்பியை என்னிடம் காட்டி, "டிகிரி படிச்சவங்க கையெழுத்து வேணுமாம், போட்டுக் குடுங்க" என்றார். அதற்கு அதிகாரி கையெழுத்து வேண்டும், வெறும் பி.ஏ. செல்லாது என்று விளக்கினேன்.

"அதுக்கு இன்னும் எத்தினி பரீட்ச சார்?"

பாய் சிரிப்பை மறைக்கச் சட்டென்று குனிந்து மிஷினுக்குப் பேப்பர் போடத் தொடங்கினார்.