பால் குளிர்நிலையத்தில் ஒரு ஆயுத பூஜை

ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்குப் பால் குளிர்நிலையம் வந்தபோது என் மகளுக்கு முதல் பல் முளைத்திருந்தது. எண்பதுகளின் கடைசி. மைக்ரோபிராசசர் வைத்த இயந்திரம் லாரியிலிருந்து இறங்குவதைப் பார்க்க ஊரே கூடியது. "பஸ்ஸே ஒழுங்கா வர்ல, கம்ப்யூட்டர் வந்துட்சி பாரு" என்று சிரித்தார்கள். பிளஸ் டூவும் தொழிற்பயிற்சியும் முடித்திருந்த எனக்கு அங்கே உதவி ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பெரிய ஆபரேட்டர் ஒடுகத்தூர்க்காரர், பல வருஷம் ஐஸ் ஃபாக்டரியில் இருந்தவர். அவரை அண்ணே என்று கூப்பிடுவேன்.

ஸ்டவ்வை அணைத்தேனா என்று பாதி வழியிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற ஆள் நான். குழந்தையின் நெற்றியைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். என் கைதான் சூடோ என்று சந்தேகம் வந்து நாத்தனாரையும் தொடச் சொல்வேன். "கொழந்தைக்கு ஒண்ணுமில்ல அண்ணி, ஒனக்கு தான் ஜுரம்" என்பாள் அவள். நான் வேலைக்குப் போகும்போது குழந்தையை வைத்துக்கொள்பவளும் அவள்தான்.

அந்த இயந்திரத்தை நடத்தும் கம்ப்யூட்டர் போர்டும் என் ஜாதிதான். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் அது கம்ப்ரசரை ஓட்டிவிடாது. முதலில் தண்ணீர் பம்ப்பைப் போடும். தண்ணீர் உண்மையிலேயே ஓடுகிறதா என்று குழாயில் இருக்கும் ஒரு சுவிட்சைக் கேட்கும். கேஸ் அழுத்தம் சரியா என்று பார்க்கும். கம்ப்ரசர் சற்று முன்புதான் நின்றிருந்தால் சில நிமிஷம் காக்க வைக்கும். எல்லாம் திருப்தியான பிறகுதான் பேனலுக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும், கம்ப்ரசர் எழுந்து உறுமும். குளிர்ந்த தண்ணீர் மெல்லிய தகடுகளின் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் ஓடும் பால் குளிரும். தண்ணீர் வெளியே வரும் குழாயில் ஒரு சின்னப் பொந்து. அதற்குள் விரல் நீளத்தில் ஒரு ஸ்டீல் சென்சார். அது சொல்லும் சூட்டை வைத்துத்தான் போர்டு கம்ப்ரசரைக் கூட்டும், குறைக்கும், நிறுத்தும். இத்தனை பேரைக் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்வதைப் பார்த்தபோது, என் குணத்தின் மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது.

அந்த மழைக்காலத்தில் கரண்ட் போய், ஒரு டேங்கர் பால் புளித்துத் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் இயந்திரத்தைக் கழற்றி அடிவாரத்துக்குக் கொண்டு போய்விடுவோம் என்று பால் ஒன்றியத்து மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படி ஆனால் மலையில் பால் ஊற்றுகிறவர்களுக்கு வேறு போக்கிடமில்லை. கேனை பஸ்ஸில் ஏற்றி இறக்குவதற்குள் பால் கெட்டுவிடும். நாத்தனாரும் ஒரு மாட்டை நம்பி அங்கே ஊற்றிக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில் ஆயுத பூஜை வந்தது. காலைப் பால் தொட்டிக்குப் போனதும் இயந்திரத்தை நிறுத்தி, அண்ணன் துடைக்க ஆரம்பித்தார். கம்ப்ரசர், பம்ப், ஸ்பேனர், பால் கேன், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். போர்டின் எண்கள் தெரியும் கண்ணாடியை நோக்கி அவர் விரல் போனது.

"அண்ணே, கண்ணாடி மேல வேணாம்."

"கண்ணு மேல எவனாவது பொட்டு வெப்பானா? நெத்தியில தாம்மா வெக்கிறேன்" என்று பேனலின் மேல் விளிம்பில் வைத்தார். கற்பூரம் காட்டினோம். பொரி கடலையைத் தின்றோம்.

மத்தியானப் பால் வர ஆரம்பித்தது. ஸ்டார்ட் அழுத்தினேன். பம்ப் ஓடியது, கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசரும் எழுந்தது. போர்டு இருபத்தாறு டிகிரி என்றது. கேன்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இதற்குள் இறங்கியிருக்க வேண்டிய எண் இருபத்தாறிலேயே நின்றது.

"பூஜைன்னு பால் ஜாஸ்தி வந்துட்சி. ஓடட்டும், எறங்கிடும்" என்றார் அண்ணன்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் வெளியே வரும் குழாயைப் புறங்கையால் தொட்டேன். சில்லென்று குத்தியது. போர்டு சொல்வது சரியா, கை சொல்வது சரியா? பயிற்சியில் கையை நம்பாதே, எண்ணை நம்பு என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் கையை உதறினார். "இன்னாம்மா இது, ஐஸ் மாரி கீது!"

தண்ணீர் வெதுவெதுப்பாக இருப்பதாக போர்டு நம்புகிறது. நம்பிக்கொண்டே முழு வேகத்தில் குளிரவைக்கிறது. உறைவதற்கு முன்னால் நிறுத்த வேண்டியதும் அதே சென்சாரின் பேச்சைக் கேட்டுத்தான். உள்ளே தண்ணீர் உறைந்தால் குழாய்கள் வெடிக்கும். பிறகு மேனேஜர் கழற்றிக்கொண்டு போக இயந்திரமே இருக்காது.

"நிறுத்திடட்டுமா?"

"நிறுத்தினா ஒடனே எடுக்காது தாயி. பால் சூடாவே நிக்கும். டேங்கர் வர்ற நேரம், யோசிச்சிக்கோ."

யோசித்தேன். யோசிக்க யோசிக்கக் குழாய் இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது. ஸ்டாப்பை அழுத்திவிட்டேன். கம்ப்ரசர் அடங்கியது. அதன் உறுமல் நின்ற பிறகுதான் தண்ணீரின் சத்தம் காதில் விழுந்தது. கம்ப்ரசர் நின்ற பிறகும் போர்டு பம்ப்பைச் சிறிது நேரம் ஓடவிடும், உள்ளே தண்ணீர் தேங்கி உறையாமலிருக்க. அளவுக்கு மீறிக் குளிர்ந்த அந்தத் தண்ணீரே பாலைக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. காத்திருக்கும் நேரம் வீணாகவில்லை.

போர்டிலிருந்து சென்சாரின் சாம்பல் நிற ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது குழாயின் பொந்துக்குள் போகவில்லை. மேலே சுற்றியிருந்த சாமந்தி மாலைக்குள் போனது. விலக்கிப் பார்த்தால், பளபளவென்று துடைத்த சென்சார் நுனியில் குங்குமத்தோடு காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. அறையின் சூட்டைத்தான் அது இவ்வளவு நேரமும் நேர்மையாகச் சொல்லியிருக்கிறது.

"அய்ய, தொடைக்கக் கழட்டினேன். கற்பூரம் காட்டிட்டு சொருவலாம்னு இருந்தேன்" என்று அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

குங்குமத்தைத் துடைத்து, சென்சாரைப் பொந்துக்குள் செருகி, மறுபடி ஸ்டார்ட்டை அழுத்தினேன். எண்கள் சரசரவென்று இறங்கி ஒரு டிகிரியில் நின்றன. புதிதாக வந்த பாலின் சூட்டில் எண் மெல்ல மெல்ல ஏறியது. அதன் பிறகு நான் எதையும் தொடவில்லை. போர்டு தானாகக் கணக்குப் பார்த்து, 'டக்' என்று கம்ப்ரசரைக் கூப்பிட்டது. அந்தச் சத்தம் கேட்டு என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டேங்கரோடு மேனேஜரும் வந்திருந்தார். பாலில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார், முகர்ந்தார், ஏற்றச் சொன்னார். அண்ணன் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு நிறுத்தலன்னா மெஷினே இல்ல சார்" என்று நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். மேனேஜர் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இங்கியே இருக்கட்டும்" என்றார். இயந்திரத்தைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று அவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டேன். இரண்டையும்தான் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையை வாங்கிக்கொண்டே நாத்தனாரிடம் சொன்னேன். "இன்னிக்கு மெஷினை நான் நிறுத்திட்டேன்."

"ஓட்றதுக்கு தானே சம்பளம் குடுக்கறாங்க? நிறுத்திட்டு வந்து பெருமை பேசறியே அண்ணி!"

"நிறுத்தினதால தான் ஒன் மாட்டுப் பாலு டேங்கர்ல போவுது. நாளைக்கும் ஊத்தலாம்" என்றேன்.

வழக்கமாக நான்தான் போடுகிற காப்பியை அன்று அவள் போட எழுந்தாள்.